நடுவைக் கேள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கேள்வி ஒரு வரிதான். ஏர் ஃப்ரையரில் போர்க் சாப் போட்டால், மேலே மொறுமொறுப்பு வரும்போது உள்ளே சக்கையாகிவிடுகிறது. உள்ளே சாறு நிற்கும்போது மேலே வெளிறிக் கிடக்கிறது. என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். புதிதாக உணவகச் சமையலறைக்குள் வரும் பலரும் இதையே கேட்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மொறுமொறுப்புக்கு ஈரம் போக வேண்டும். சாறு நிற்க ஈரம் போகக் கூடாது. இந்த இரண்டு வேலையையும் சேர்த்து அடுப்பின் தலையில் கட்டி, பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடு என்றால் ஏதாவது ஒன்றில்தான் அது தேறும். மேற்பரப்பைக் காயவைக்கும் வேலை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். உள்ளே வைத்த பிறகு நடுவைக் காப்பது ஒன்றே உன் பொறுப்பு. இனி நான் சொல்வதெல்லாம் இதன் விரிவுதான்.

முதலில் உன் கையில் இருக்கும் பெட்டியைப் புரிந்துகொள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வெய் உருவாக்கிய வடிவத்தை பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லினில் நடந்த கண்காட்சியில் அறிமுகம் செய்தது. இன்று எத்தனையோ நிறுவனங்கள் விற்றாலும் உள்ளே இருப்பது அதே ஏற்பாடுதான்: மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதை ஒட்டி ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை. சிறிய இடத்துக்குள் அனல்காற்றைச் சுழற்றி அடிக்கும் அடுப்பு இது. எண்ணெய்ச் சட்டி செய்வதை இது செய்யாது. 200 டிகிரி அடுப்புக்குள் கையை ஒரு நொடி நீட்டி எடுத்துவிடலாம். 100 டிகிரி கொதிநீரில் அது முடியாது. காற்று அவ்வளவு மெதுவாகத்தான் சூட்டைக் கைமாற்றும். 175 டிகிரி எண்ணெய் ஓரிரு நிமிடத்தில் கொண்டுவரும் பொன்னிறத்தை, 200 டிகிரி காற்று அதே வேகத்தில் கொண்டுவராது.

ஆனால் காற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இறைச்சியின் மேல் எழும் நீராவியை அது உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போகும். மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தரும் மாற்றத்தை 1912-இல் லூயி காமில் மேலார்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். அது வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஈரமான துண்டை உள்ளே வைத்தால், முதல் ஏழெட்டு நிமிடம் அந்த ஈரத்தை ஓட்டுவதிலேயே போய்விடும். மேலே நிறம் வரத் தொடங்கும்போது நடுவில் 75 டிகிரி ஆகியிருக்கும். உன் சாப் வறண்டுபோகும் கதை முழுக்க இதுதான்.

இனி இறைச்சிக்கு வருவோம். நம் ஊர் மட்டன் சாப்ஸை மனதில் வைத்துக் கடைக்குப் போகாதே. இங்கே பேசுவது பன்றியின் முதுகுப் பகுதியைக் குறுக்கே வெட்டிய தடித்த துண்டு. விலா எலும்போடு வருவதை எடு. எலும்பை ஒட்டிய கறி மெதுவாக வேகும். ஓரத்தில் கொழுப்பும் இருக்கும். கனம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, மூன்றரை இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சென்டிமீட்டர் துண்டில், மேலே நிறம் வருவதற்குள் நடு பதம் கடந்து போய்விடும். எந்தக் கைத்திறனும் அதைக் காப்பாற்றாது. மெல்லிய துண்டுதான் கிடைக்கிறதென்றால் தோசைக்கல்லில் போடு. தோள்பட்டைத் துண்டும் இதற்கு ஆகாது. அதில் சவ்வு அதிகம்; கரைய மணிக்கணக்கில் மெதுவான சூடு கேட்கும்.

முதுகுக் கறியில் கொழுப்பு குறைவு. அமெரிக்காவில் 1987-இல் பன்றி இறைச்சியைக் கோழியைப் போன்ற வெள்ளைக் கறி என்று சொல்லி விளம்பரம் செய்தார்கள். கொழுப்புக்கு மக்கள் அஞ்சிய காலம் அது. சந்தை கேட்டபடி பன்றிகளும் மெலிந்தன. பழைய சமையல் குறிப்பில் உள்ள நேரத்தை இன்றைய துண்டுக்கு அப்படியே வைத்தால் வறண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய காரணம் பயம். பன்றிக்கறியை நன்றாக வேகவை, இன்னும் கொஞ்சம் வேகவை என்று உன் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பயத்தை எள்ளி நகையாடாதே. அதற்கு வரலாறு உண்டு. 1835-இல் லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த ஜேம்ஸ் பேஜெட், பிணப் பரிசோதனையில் தசைக்குள் சுருண்டு கிடந்த நுண்புழுக்களைக் கண்டார். டிரைக்கினெல்லா என்ற அந்தப் புழு வேகாத பன்றிக்கறி வழியாக வருவது பின்னால் தெரிந்தது. நம் பக்கத்தில் நாடாப்புழு. தெருவில் மேய்ந்து கழிவைத் தின்ற பன்றியின் கறியில் அதன் கட்டிகள் இருக்கலாம். வேகாமல் தின்றால் குடலில் புழு வளரும். அதன் முட்டைகள் அசுத்தமான கை வழியாக வயிற்றுக்குள் போய், பொரித்த இளம்புழு மூளையை எட்டினால் வலிப்பு வரலாம். வீட்டுப் பெரியவர்கள் பயந்தது வீணுக்கல்ல.

ஆனால் பயத்தின் காரணம் தெரிந்தவனுக்கு அதன் எல்லையும் தெரிய வேண்டும். டிரைக்கினெல்லா 62 டிகிரியைத் தொட்டால் உடனே செத்துவிடும். பண்ணையில் அடைத்து, கட்டுப்பாடான தீவனம் கொடுத்து வளர்க்கும் பன்றியில் அது வருவதும் அரிதாகிவிட்டது. அமெரிக்க வேளாண் துறை முன்பு 71 டிகிரி சொல்லிக்கொண்டிருந்தது. 2011-இல் முழுத் துண்டுகளுக்கு அதை 63 டிகிரியாகக் குறைத்து, எடுத்தபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்றது. கொத்துக்கறிக்கு 71 அப்படியே இருக்கிறது. மேலே இருந்த கிருமி அரைக்கும்போது உள்ளே போய்விடுகிறதல்லவா? எங்கே வளர்ந்தது, யார் வெட்டியது என்று தெரியாத கறி கையில் வந்தால் சாப் செய்யும் ஆசையை விட்டுவிடு. மிளகு போட்டுக் குழம்பாக நெடுநேரம் கொதிக்கவிடு. நம்பகமான கடையில் வாங்கியதற்கு 63 போதும்.

இந்த எட்டு டிகிரிக்கு ஏன் இத்தனை பேச்சு என்கிறாயா? தசையில் மயோசின் என்ற புரதம் 50 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். பச்சை வழவழப்பு போய்க் கறி பல்லுக்குப் பதமாகும். ஆக்டின் என்ற இன்னொன்று 66-க்கு மேல் 73-க்குள் இறுகும். அது இறுகும்போதுதான் சாறு பிழிந்து வெளியேறும். 63-இல் நிறுத்தியவனிடம் முதல் மாற்றம் முடிந்திருக்கும், இரண்டாவது தொடங்கியிருக்காது. 71 வரை போனவன் இரண்டையும் முடித்துவிட்டான். சாறு நிற்பதும் போவதும் அந்த எட்டு டிகிரிக்குள் முடிவாகிறது. அடுப்பின் மேல் அச்சிட்ட நிமிடக் கணக்கில் அது தெரியாது. நல்ல கத்தி வாங்கும் முன்பே ஒரு இறைச்சித் தெர்மாமீட்டர் வாங்கு.

உப்பிலிருந்து வேலையைத் தொடங்கு. எடையில் நூற்றில் ஒரு பங்கு: 250 கிராம் துண்டுக்கு இரண்டரை கிராம், அதாவது தூள் உப்பில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. முந்தின இரவே இருபுறமும் தடவி, கம்பித்தட்டின் மேல் வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் விடு. முதலில் நீர் கசியும். அந்த நீரே உப்பைக் கரைத்துக்கொண்டு மெல்ல உள்ளே திரும்பும். உள்ளே போன உப்பு புரதத்தைத் தளர்த்தி, வேகும்போது நீரைப் பிடித்து வைக்கும். வெளியே ஃப்ரிட்ஜின் வறண்ட காற்று மேற்பரப்பைக் காயவைக்கும். சாறுக்கான ஏற்பாடும் மொறுமொறுப்புக்கான ஏற்பாடும் நீ தூங்கும்போதே நடந்துவிடும்.

உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் முறையும் உண்டு: லிட்டருக்கு 50 கிராம் உப்பு, ஓரிரு மணி நேரம். சாறு நன்றாகவே நிற்கும். ஆனால் மேற்பரப்பு நனைந்து வரும். காற்றடுப்புக்கு அது எதிரி. அவசரத்துக்கு மட்டும் அந்த வழி, அதிலும் டிஷ்யூவால் அழுத்தித் துடைத்த பிறகு. சில கடைகளில் கறிக்குள் உப்புநீரை ஊசி வழியே ஏற்றி விற்பார்கள். லேபிளைப் படித்துப் பார். அப்படியிருந்தால் மறுபடி உப்பு போடாதே.

மசாலா என்றதும் நம் கை தானாக இஞ்சி பூண்டு விழுதைத் தேடும். இங்கே கையைக் கட்டு. தயிரும் விழுதும் ஈரம். அந்த ஈரம் போவதற்குள் பூண்டு கருகிக் கசக்கும். மிளகு, சீரகம், கொஞ்சம் மிளகாய்த்தூள் என்று உலர்ந்தவற்றை மெல்லத் தூவு. மேலே ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவு. காற்றுக்கும் கறிக்கும் நடுவே சூட்டைச் சமமாகப் பரப்ப அந்த எண்ணெய் வேண்டும். தேனோ வெல்லமோ சேர்ப்பதானால் கடைசி இரண்டு நிமிடத்தில் தடவு. லெசித்தின் கலந்த ஸ்பிரே எண்ணெய் வேண்டாம். கூடையின் பூச்சில் பிசினாகப் படிந்து அதைக் கெடுத்துவிடும்.

ரொட்டித்தூள் போட்ட சாப் கேட்கும் வாடிக்கையாளரும் வருவார். டோக்கியோவின் கின்சாவில் உள்ள ரெங்கதேய் உணவகம் 1899-இல் பன்றித்துண்டை ரொட்டித்தூளில் புரட்டி நிறைய எண்ணெயில் பொரிக்கத் தொடங்கியது என்பார்கள். ஜப்பானின் தொன்கட்சு அந்த வழியில் வந்தது. அங்கே தூளைச் சிவக்கவைப்பது எண்ணெய். உன்னிடம் அந்த எண்ணெய் இல்லை. எனவே தூளை முதலிலேயே சிவக்கவைத்துவிடு. பாங்கோ என்ற ஜப்பானிய ரொட்டித்தூள் ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, வாணலியில் இளம்பொன்னிறம் வரும்வரை வறு. பிறகு மைதா, முட்டை, வறுத்த தூள் என்ற வரிசையில் புரட்டி, உள்ளங்கையால் அழுத்தி, பத்து நிமிடம் விடு. பஜ்ஜி மாவு போன்ற நீர்த்த கலவை மட்டும் வேண்டவே வேண்டாம். கூடைத் துளை வழியே வழிந்து போகும்.

இப்போது அடுப்பு. 200 டிகிரியில் ஐந்து நிமிடம் வெறுமனே சூடேற்று. ஓரக் கொழுப்பில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு போடு. இல்லாவிட்டால் கொழுப்பு சுருங்கித் துண்டைக் குவித்துவிடும், ஒரு பக்கம் சிவக்காது. துண்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. கூட்டம் அதிகம் என்று நான்கைத் திணித்தால் காற்று போக வழியில்லாமல் அவை ஆவியில் வெந்து எழும். இரண்டு இரண்டாகப் போடு. வடியும் கொழுப்பு புகைந்தால், கூடைக்குக் கீழே உள்ள தட்டில் இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விடு.

ஆறாம் நிமிடம் திருப்பிப் போடு. எட்டாம் நிமிடம் முதல் தெர்மாமீட்டரை எடு. மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டிலிருந்து நடுவரை செலுத்து. எலும்பைத் தொட்டால் எண் பொய் சொல்லும். மூன்று சென்டிமீட்டர் துண்டுக்குப் பத்து முதல் பதின்மூன்று நிமிடம் ஆகலாம். ஆனால் அது உன் துண்டின் கனத்தையும் குளிரையும் பெட்டியின் வலிமையையும் பொறுத்தது. 61 காட்டியதும் கம்பித்தட்டுக்கு மாற்று. வெளிச்சூடு உள்ளே நகர்ந்து 63-ஐத் தொடும். தொடாவிட்டால் திரும்ப உள்ளே வை. அதில் கௌரவம் பார்க்காதே. தொட்ட பிறகு மூன்று நிமிடம் காத்திரு. தட்டையான பாத்திரத்தில் ஆறவைத்தால் அடிப்பக்கம் வியர்த்துச் சொதசொதத்துப் போகும். அதே காரணத்துக்காகக் குழம்போ சாஸோ பக்கத்தில் ஊற்று, மேலே ஊற்றாதே.

இப்படிச் செய்த துண்டை வெட்டினால் நடுவில் மெல்லிய இளஞ்சிவப்பு தெரியும். அது மயோகுளோபின் என்ற தசைநிறமி, வேகாததற்கு அடையாளமல்ல. ஆனால் மேசையில் இருப்பவருக்கு அந்த விளக்கம் தேவையில்லை. முகம் சுளித்தால் மறுபேச்சில்லாமல் வாங்கி, 68 வரை கொண்டுபோய்க் கொடு. உப்பு சரியாக ஏறியிருந்தால் அப்போதும் கொஞ்சம் சாறு மிஞ்சும். அவர் பயத்தை நீ ஒரே வேளையில் தீர்க்க முடியாது. உன் கையில் அந்தப் பயம் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பயந்த கை எப்போதும் இன்னும் இரண்டு நிமிடம் என்றே சொல்லும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வை. துண்டின் கனம், எடை, உப்பு போட்ட நேரம், எடுத்தபோது காட்டிய டிகிரி, ஆறியபின் ஏறிய டிகிரி, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒவ்வொரு முறையும் எழுது. பத்துப் பக்கம் நிறைவதற்குள் உன் பெட்டியின் குணம் அதில் தெளிந்துவிடும். அடுத்து வருகிறவனுக்கு நீயே சொல்லிக்கொடுப்பாய். முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்து எனக்கு அனுப்பு. எந்த இடத்தில் தவறுகிறது என்று எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்