கத்தக்காம்பு ஏறிய துறை

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஜொகூர் பாருவின் பழைய துறைமுகத்தைக் காட்ட எங்கே தொடங்கலாம்?
– வாசகி, குளுவாங்

பதில்: அம்மணி, பெருங்கப்பல்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்; அவை இப்போது பாசிர் கூடாங்கிலும் தஞ்சோங் பெலப்பாசிலும் அல்லவா வாசம் செய்கின்றன! 1855இல் தெமெங்கோங் என்னும் பட்டம் தாங்கிய டாயிங் இப்ராகிம் ஸ்தாபித்த தஞ்சோங் புத்திரி என்னும் சிற்றூரே, பின்னர் ஜொகூர் பாரு என நாமகரணம் பெற்றது. ஆதலின், அந்தப் பழைய ஊரின் துறையைக் காட்ட, நகர மத்தியில் ஓடும் செகெட் நதிக்கரையில் தொடங்கி, பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியில் காத்த கத்தக்காம்பும், ரசத்துக்கான மிளகும் சிங்கப்பூருக்குத் தோணியேறிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அருகிலுள்ள ராஜமாரியம்மனைத் தரிசித்து, அந்தி வேளையில் ஜொகூர் நீரிணையை நோக்கி நிற்கும் சுல்தான் அபு பக்கர் பள்ளிவாசல் குன்றை அடையுங்கள். அக்கரையான சிங்கப்பூருக்குச் செல்லும் பயணத்தைப் படகிலிருந்து ரயிலுக்கு மாற்றிய, 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலத்தின் சரித்திரத்தை அங்கே சாவகாசமாகச் சொல்லலாம். தின்பண்டப் பொட்டலத்தை மட்டும் மறவாதீர்கள்; வெறும் வயிற்றில் சரித்திரம் ஏறாது!