படலையை அளந்துபோட்டு மெசின் வாங்குங்கோ

புல்லு வெட்டும் மெசின் வாங்கப்போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, “எத்தனை பரப்புக் காணி?” என்றுதான். விற்கிறவரும் அதைத்தான் கேட்பார், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவரும் அதைத்தான் கேட்பார். அந்த ஒரு கேள்விதான் எங்கள் வீட்டுச் சங்கடப்படலையைத் தின்றது.

கோப்பாயில் எங்கள் வளவு 14 பரப்பு. உங்கள் வளவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: உறுதியில் நான்கு சகோதரங்களின் பெயர், மூன்று பேர் வெளிநாட்டில், ஒருவர் காவல். எங்கள் வீட்டில் காவல் நான். ஐப்பசியில் மழை விழுந்தால் மார்கழிக்குள் புல்லு முழங்காலைத் தாண்டும். கோரையும் நாயுருவியும் ஒரு பக்கம், எருக்கலையும் ஆமணக்கும் மறுபக்கம். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையில் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவள் நான். ரொறன்ரோவில் இருக்கிற தம்பி இல்லை. கூலிக்கு ஆள் பிடிப்பதும் லேசில்லை. வருகிறேன் என்றவர் வரமாட்டார், வந்தவர் பாதியில் போய்விடுவார். அதனால் மெசின் வேண்டும் என்பதில் எனக்கும் தம்பிக்கும் சண்டையே இல்லை. என்ன அளவு மெசின் என்பதில்தான் எல்லாம்.

யாழ்ப்பாணக் கணக்கில் 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். தம்பி உறுதியைப் பார்த்து, “ஏக்கருக்குக் கொஞ்சம்தான் குறைய, அக்கா” என்றான். கனடாவில் கடைக்காரர் சொல்லும் பொதுக் கணக்கு, ஒரு ஏக்கரைத் தொட்டால் ஏறியிருந்து ஓடுகிற மெசின், 42 அங்குல வெட்டு, 17 முதல் 20 குதிரைவலு.

“தம்பி, இஞ்ச பனை நிக்குதடா.”

“பனையைச் சுத்தி ஓடலாம் அக்கா. இங்க எல்லாரும் அப்பிடித்தான் வெட்டுகினம். உங்களுக்கு உது விளங்காது.”

முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவளுக்கு விளங்காதாம். சரி, விளங்காதவள் சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் கணக்கு மட்டமான, திறந்த புல்தரைக்குப் போட்டது. எங்கள் 14 பரப்பில் வீடும் முற்றமும் போகக் கிணற்றடி, கிணற்றடித் தண்ணீர் பாயும் வாழை, இரண்டு பரப்பு மரக்கறித் தரை, பின்பக்கம் பனை வரிசை, கறையான் தின்ற பழைய மாட்டுக்கொட்டில். எல்லாம் கழித்தால் மெசின் ஓடக்கூடிய வெறும் புல்லு 5 பரப்பும் தேறாது. உறுதியில் இருக்கிற பரப்பு காணி விற்கிறவருக்கு உதவும். புல்லு வெட்டுகிறவருக்குத் தேவை புல்லுப் பரப்பு. நாடா எடுத்து அதை மட்டும் அளவுங்கள்.

இனிப் படலைக் கதை. இளம் ஆட்களுக்குச் சங்கடப்படலை தெரியாமல் இருக்கலாம். வளவு வாசலில் படலைக்கு மேலே ஒரு சின்னக் கூரை, இரண்டு பக்கமும் தூண், ஆள் குந்தி இருக்க ஒரு திண்ணை. வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்குவதற்காக அந்தக் காலத்தில் வைத்துக் கட்டியது. எங்களுடையது அப்புவின் தகப்பன் காலத்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தூண், பனைமரத் தீராந்தி. சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. படலை மட்டும் நின்றது.

அதன் வாய் மூன்றரை அடி. அதாவது சரியாக 42 அங்குலம். நான் தொலைபேசியில் அளவைச் சொன்னதும் தம்பிக்குப் பெரிய சந்தோஷம். “பாத்தீங்களோ, மெசினும் நாப்பத்திரண்டு, படலையும் நாப்பத்திரண்டு!” என்றான். 2019இல் கொழும்பில் பழைய இறக்குமதி மெசின் விற்கிற ஒரு கடையில் பேசி முடித்துக் காசையும் அனுப்பிவிட்டான். நான் அன்று மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியாவில். லொறி வந்தது எனக்குத் தெரியாது.

42 அங்குலம் என்பது மெசின் வெட்டுகிற அகலம். பிளேட்டை மூடியிருக்கிற இரும்புத் தட்டு அதைவிட அகலம். வெட்டிய புல்லைத் தள்ளுகிற வாய் ஒரு பக்கத்தால் இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கும். அதையும் சேர்த்தால் 50 அங்குலத்தைத் தாண்டும். கொழும்புக் கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. லொறிக்காரருக்குத் திரும்பிப் போகிற அவசரம். ஒழுங்கையில் லொறி நின்றால் வேறு வாகனம் போக வழியும் இல்லை. அவர்கள் தம்பிக்கு எடுத்துக் கேட்க, அவன் கனடாவில் நித்திரைப் பாயில் இருந்தபடியே, “ஒரு பக்கத் தூணை எடுங்கோ, பிறகு கட்டலாம்” என்று சொல்லிவிட்டான். ஒரு தூணை எடுத்தால் கூரை எதில் நிற்கும்? நான் வந்து பார்க்கையில் தீராந்தி ஒழுங்கைக் கரையில் கிடந்தது, ஓடு பாதி நொறுங்கிப் போயிருந்தது. அந்த மாதிரிச் சாந்து குழைக்கிற மேசன் இப்போது எங்கே? “பிறகு கட்டலாம்” இன்னும் பிறகாகத்தான் இருக்கிறது. இப்போது அங்கே ஒரு தகரப் படலை.

இதில் கூடுதலாகச் சுடுவது என்னவென்றால், தூணில் கையே வைக்கத் தேவையில்லை. அடித்தட்டைக் கழற்றித் தனியே கொண்டுபோய் உள்ளே பூட்டலாம் என்று பிறகு மெசின் திருத்த வந்தவர் சொன்னார். சில்லோடு சில்லு 40 அங்குலத்துக்குள்தான், வடிவாகப் போயிருக்கும் என்றார்.

அதனால் என் முதல் விதி: காணியை அளக்க முன் வளவில் இருக்கிற மிக ஒடுங்கிய இடத்தை அளவுங்கள். படலை, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் உள்ள ஓடை, இரண்டு பனைக்கு இடையில் உள்ள வெளி, கிணற்றுக் கட்டுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட இடம். இவற்றில் எது சின்னதோ, மெசினின் மொத்த அகலம் அதைவிட அரை அடி குறைய இருக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது மொத்த அகலத்தை. அது விற்பனைத் தாளில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். நாடா இல்லாதவர்களுக்கு ஒரு சுருக்க வழியும் உண்டு: லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் நுழைந்து திரும்ப முடியாத வளவுக்குள் ஏறியோடும் மெசினைக் கொண்டுவராதீர்கள்.

உள்ளே வந்த மெசின் என்ன செய்தது? பனை வளவு வைத்திருக்கிறவர்களுக்கு ஊமலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற கோது, காய்ந்தால் கல்லு. நாங்கள் ஊமலை அடுப்புக்குப் பொறுக்கிய காலம் போய்விட்டது, இப்போது அது புல்லுக்குள்ளேயே கிடக்கிறது. ஏறியிருக்கிறவருக்குத் தட்டுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாது. டங் என்று ஒரு சத்தம் வந்தது, மெசின் முழுக்க நடுங்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் பிளேட் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. அந்த அளவுப் பிளேட் யாழ்ப்பாணத்தில் நான் கேட்ட கடை ஒன்றிலும் இல்லை. பட்டறையில் ஒருவர் லொறி வில்லுத் தகட்டில் அடித்துத் தந்தார். ஒரு பக்கம் பாரம் கூடி, இருந்த நடுக்கம் இன்னும் கூடிப்போனது. ஆகவே இரண்டாவது விதி: பிளேட், பெல்ட், பிளக் மூன்றும் திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணம் பட்டினத்திலோ கையில் எடுத்துப் பார்க்கக் கிடைக்காத மெசின், எந்தப் பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, நேரக் கணக்கு. தம்பி இதைத்தான் போட்டிருக்க வேண்டும். ஒரு பரப்பு என்பது 250 சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட; 5 பரப்பு என்றால் 1,265 சதுர மீற்றர். கையால் தள்ளுகிற 21 அங்குல மெசின், ஆறுதலாக மணிக்கு 3 கிலோமீற்றர் நடந்தால், திரும்பல் வளைவு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணித்தியாலத்தில் அதை முடிக்கும். 42 அங்குல மெசின் மணிக்கு 5 கிலோமீற்றரில் ஓடினால் கால் மணித்தியாலத்தில் முடியும், வழியில் பனையும் ஊமலும் இல்லாவிட்டால். ஒரு மணித்தியாலச் சொச்சத்தை மிச்சம் பிடிக்க லட்சக்கணக்கில் காசும் ஒரு படலையும்!

அதுவும் வருஷம் முழுக்க ஓடுகிற மெசினா? இங்கே மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். மாசி பிறந்தால் புல்லு மஞ்சளாகிவிடும். வருஷத்தில் நாலு மாதம் வேலை, மிச்சம் எட்டு மாதம் நிற்பு. நிற்கிற மெசினில் பற்றரி இறங்கும், தாங்கியில் விட்ட பெற்றோல் பிசின் பிடித்துக் காபரேற்றரை அடைக்கும், எலி வயரைக் கடிக்கும், ரயர் வெடிக்கும். மெசின் பெரிதாகப் பெரிதாக நிற்கிற செலவும் பெரிது. மழைக்காலத்திலும் சும்மா இல்லை: 200 கிலோ மெசின் ஈரச் செம்மண்ணில் புதைந்து, அது போன தடத்தில் தண்ணீர் நின்றது. நுளம்புக்குப் பயந்து வாங்கிய மெசின் நுளம்புக்குக் குளம் வெட்டித் தந்தது.

பெற்றோலையும் யோசியுங்கள். இந்த அளவு எஞ்சின் மணித்தியாலத்துக்கு மூன்று நாலு லீற்றர் குடிக்கும். 2022இல் கியூஆர் அட்டைக்குப் பெற்றோல் தந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். என் ஸ்கூட்டியின் ஒரு கிழமைப் பங்கை அந்த மெசின் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மெசின் ஓட்டிய ஊர் இது. இஞ்சத்தைய ஆட்களுக்கு இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொன்னாலும் ஏறாது.

சரி, எதை வாங்குவது? கோப்பாய், இருபாலை, நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்து வளவு என்றால், தோளில் கொழுவுகிற மெசின் ஒன்று போதும். முன்முற்றத்தில் வடிவாகப் புல்லு வளர்ப்பவர்கள் 21 அங்குலத் தள்ளுமெசின் ஒன்றும் எடுக்கலாம். தோள் மெசினுக்கு மதிலோரமும் கல்லிருக்கிற இடமும் நைலோன் நூல். எருக்கலை, ஆமணக்குக்கு இரும்புப் பிளேட். ரூ ஸ்ட்ரோக் என்றால் பெற்றோலோடு ஒயில் கலக்க வேண்டும்: புத்தகத்தில் 25க்கு 1 என்றால் லீற்றருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணாடி, சப்பாத்து, நீட்டுக் காற்சட்டை இல்லாமல் தொடாதீர்கள். மெசின் ஓடும்போது 15 மீற்றருக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். வெட்ட முன் ஊமல், தேங்காய்ச் சிரட்டை, கம்பித் துண்டு பொறுக்குங்கள். முடிந்ததும் தாங்கியைக் காலியாக்கி வையுங்கள். இவ்வளவுதான்.

பார்த்தீனியத்துக்கு மட்டும் எந்த மெசினையும் கொண்டுபோகாதீர்கள். இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்தது என்று எங்கள் ஊரில் சொல்லும் அந்தச் செடியை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். பூத்த பிறகு வெட்டினால் விதையை வளவு முழுக்க நீங்களே தூவியதாகும். மழை ஈரத்தில், பூக்க முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு அளவான மெசின் எந்தக் கடையிலும் இல்லை.

ஏறியோடும் மெசினே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாடசாலை விளையாட்டுத் திடலுக்கு நல்லது. பளைப் பக்கம் 26 அடிக்கு ஒரு தென்னை வைத்து ஏக்கர் கணக்கில் தோட்டம் செய்கிறவர்களுக்கும் நல்லது, தேங்காயும் மட்டையும் பொறுக்க ஆள் இருந்தால். அந்த இடத்துக்கு 42 என்ன, 48 அங்குலமும் எடுக்கட்டும்.

தம்பி இப்போதும், “மெசினில பிழையில்லை அக்கா, ஓடத் தெரியேல்லை” என்கிறான். இருக்கட்டும். அடுத்த முறை லீவில் வரும்போது அவனே ஏறியிருந்து பனைக்குள்ளால் ஓடிக் காட்டட்டும், சாவி சுவரில்தான் தொங்குகிறது. உங்களுக்கும் கனடாவிலோ லண்டனிலோ ஒரு தம்பி இருப்பான். காசு அவன் அனுப்பட்டும், நன்றி சொல்லி வாங்குங்கள். மெசின் என்ன அளவு என்பதை மட்டும், ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த வளவில் நின்று புல்லு வெட்டப்போகிறவர் முடிவு செய்யட்டும்.