தொப்பூர் வழியாகப் போகிறவருக்கு க்ரூஸ் கன்ட்ரோல்

கேள்வி: வீடு சேலத்தில், வேலை தருமபுரியில். தினமும் காரில்தான் போய்வருகிறேன். கார் வாங்கி நாலு மாதம் ஆகிறது, மேனுவல் கியர். ஸ்டீயரிங்கில் க்ரூஸ் கன்ட்ரோல் பட்டன் இருக்கிறது, பயத்தில் இதுவரை தொடவில்லை. மாலையில் வீடு திரும்பும்போது வலது கணுக்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. "காசு கொடுத்து வாங்கின வசதி, போட்டுத்தான் ஓட்டுங்களேன்" என்கிறார் மனைவி. "மைலேஜ் அடிவாங்கும், மழையில் வண்டி கைமீறிப் போய்விடும்" என்கிறார் மைத்துனர். தினசரி ஓட்டத்துக்கு இதைப் பயன்படுத்தலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்

பதில்: பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் வழி முழுக்க அல்ல. எங்கே போடலாம், எங்கே கூடாது என்று பார்த்துவிட்டு மைத்துனரிடம் வருவோம்.

அந்தப் பட்டனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நீங்கள் சொன்ன வேகம். 80 என்று செட் செய்தால், வேகம் குறையும்போது எரிபொருளைக் கொஞ்சம் கூட்டும், ஏறும்போது குறைக்கும். முன்னால் கரும்பு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருப்பதோ, மீடியன் இடைவெளியில் ஒருவர் பைக்கைத் திருப்புவதோ அதற்குத் தெரியாது. பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். மேனுவல் கார்கள் பலவற்றில் கிளட்சை மிதித்தாலும் அப்படித்தான். 30, 40 கி.மீ. வேகத்துக்குக் கீழே பெரும்பாலும் வேலையே செய்யாது.

இதை உருவாக்கிய அமெரிக்க எஞ்சினியர் ரால்ஃப் டீட்டர், 5 வயதில் பார்வை இழந்தவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டிக்கொண்டே பேசும்போது வேகம் குறையுமாம், காது கொடுத்துக் கேட்கும்போது கூடுமாம். அந்தக் குலுக்கல் தாங்காமல்தான் இந்த யோசனையே பிறந்தது என்பார்கள். 1950-ல் காப்புரிமை கிடைத்தது. 1958 மாடல் கிறைஸ்லர் கார்களில் 'ஆட்டோ பைலட்' என்ற பெயரில் வந்தது. பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல! பைலட் செய்கிற வேலை எதையும் அது செய்யாது.

இப்போது உங்கள் சாலைக்கு வருவோம். சேலம் ஊருக்குள் வேண்டவே வேண்டாம். காலையில் ஓமலூர் தாண்டிய பிறகு, போக்குவரத்து குறைவாக இருந்தால், தீவட்டிப்பட்டி வரை போடலாம். தொப்பூர் நெருங்கும்போது எடுத்துவிடுங்கள். கணவாய் ஏற்றத்தில் வேகத்தை விடாமல் பிடிக்க அது ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே போகும். உங்கள் காரில் கியரைக் குறைக்க ஆளில்லை. ஐந்தாவது கியரிலேயே இன்ஜின் முக்கி முனகும்.

மாலையில் திரும்பும்போதுதான் உண்மையான ஆபத்து. பாளையம் டோல்கேட்டைத் தாண்டியபின் கணவாய் இறங்கி முடியும்வரை அந்தப் பட்டன் பக்கமே போகாதீர்கள். சாதாரண க்ரூஸ் கன்ட்ரோலுக்கு எரிபொருளை நிறுத்தத்தான் தெரியும், பிரேக் போடத் தெரியாது. அந்த இறக்கத்தில் 60-ல் செட் செய்தாலும் வண்டி 75, 80 என்று தானாகவே உருளும். அங்கே வேண்டியது மூன்றாவது கியரும் இன்ஜின் பிரேக்கும்தான். டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரும் லாரிகள் உங்களுக்குப் பின்னால் இருக்கும் இடம் அது. கண்ணாடியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

டோல்கேட்டில் இன்னொரு பொறியும் உண்டு. நின்று கிளம்பி 40-ஐத் தொட்டதும் பழைய வேகத்துக்குத் திரும்பும் 'ரெஸ்' (ரெஸ்யூம்) பட்டனை அழுத்தினால், பழைய 80 அதன் நினைவில் இருக்கும். முன்னால் லேன் மாறும் வேன் இருந்தாலும் கார் அதை நோக்கியே சீறும். நான் புதிதாக ஓட்டிய காலத்தில் ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தை மிக நெருக்கத்தில் பார்த்தது இதனால்தான். டோல்கேட் தாண்டியதும் நீங்களே வேகம் எடுத்து, புதிதாக செட் செய்யுங்கள்.

கால் விஷயம். க்ரூஸ் போட்டதும் பலர் வலது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார்கள், சிலர் சம்மணமே போடுகிறார்கள். 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கால் பிரேக்குக்கு வர அரை நொடி தாமதமானால் 11 மீட்டர் போச்சு. குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தைப் பிரேக்குக்கு நேராக வையுங்கள். கணுக்காலுக்கு அந்த ஓய்வே போதும். அதோடு சீட்டை ஒரு படி முன்னால் தள்ளிப் பாருங்கள். கால் எட்டிப்பிடித்து ஓட்டுவதும் இந்த வலிக்கு ஒரு காரணம்.

இனி மைத்துனர். மைலேஜ் விஷயத்தில் அவர் சொன்னது பாதி சரி. சமதளத்தில் சீரான வேகம் மிச்சம்தான் தரும். நம் கால் அறியாமலே கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். மேடு பள்ளத்தில் நிலைமை தலைகீழ். அனுபவமுள்ள கால் ஏற்றத்தில் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கும். பட்டன் பிடிவாதமாக நிற்கும்.

மழை பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. தேங்கிய தண்ணீரில் டயர் ஏறும்போது வண்டியின் வேகம் குறையப் பார்க்கும். க்ரூஸ் அதை ஈடுகட்ட இன்னும் அழுத்தம் கொடுக்கும், சக்கரம் வழுக்கும். அந்த நேரத்தில் ஓட்டுநர் செய்ய வேண்டியது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுப்பது. க்ரூஸில் கால் ஏற்கெனவே வெளியே இருக்கிறது, எடுக்க ஒன்றுமில்லை. பதறிப்போய் பிரேக்கை மிதிப்போம். வழுக்கும் சாலையில் அதுதான் மோசம். வைப்பர் போட வேண்டிய அளவு மழை என்றால் க்ரூஸ் வேண்டாம்.

ஞாயிறு காலையில் ஓமலூர் தாண்டிய நேர்ச்சாலையில் 70-ல் வைத்து, பிரேக்கால் ஒரு பத்து முறை, கேன்சல் பட்டனால் ஒரு பத்து முறை விடுவித்துப் பழகுங்கள். மனைவியையும் கூட்டிப் போகலாம்.

கேள்வி: என் காரில் ராடார் வைத்த அடாப்டிவ் க்ரூஸ் இருக்கிறது. முன்னால் போகும் வண்டிக்கேற்ப தானே பிரேக் போடுகிறது. எனக்கும் இதே கட்டுப்பாடுகள்தானா?
- வாசகி, மதுரை

பதில்: ஏறக்குறைய. நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியை அது நன்றாகப் பின்தொடரும். அசையாமல் நிற்பதை கவனிக்காமல் விடலாம் என்று பல கார்களின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கும். நம் நெடுஞ்சாலையில் இரவில் பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, எதிர்த்திசையில் வரும் பைக், குறுக்கே வரும் ஆடு எல்லாம் உங்கள் கண்ணின் பொறுப்பு. சேறு படிந்தால் ராடாரும் குருடாகும். வாரம் ஒருமுறை முன்பக்கத்தைத் துடையுங்கள். முன்வண்டியோடு விடும் இடைவெளியை அதிகபட்சப் படியில் வையுங்கள். நடுவில் யாராவது புகுந்துகொண்டேதான் இருப்பார்கள். புகட்டும், விடுங்கள்.