நாய்களின் தீராத வயிற்றுக் கோளாறும் சுரப்பி நோயும்

திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் வேர்க்கடலைக் கொல்லைக்கும் கரும்புத் தோட்டத்திற்கும் காவலாக நாய் வளர்ப்பது வழக்கம். நாய்க்கு வாந்தியும் பேதியும் கண்டால் கெட்ட தீனியோ குடற்பூச்சியோ காரணமென்று குடியானவர்கள் கருதுகின்றனர். பெரும்பாலும் அது சரியே. ஆனால், குணமான நோய் மீண்டும் மீண்டும் வந்து, மெலிவும் நடுக்கமும் சோர்வும் சேருமாயின் வேறு காரணமும் ஆராயத்தக்கது.

சிறுநீரகங்களையடுத்து இரு சிறு சுரப்பிகள் உள. இவற்றின் ஹார்மோன்கள் குன்றினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் மிகும். இருதயத் துடிப்பு மந்தமாகும். 1855-ல் தாமஸ் அடிசன் மனிதரிடத்து விவரித்த இந்நோய் நாய்களுக்கும் உண்டு. சலைன் ஏற்றியதும் நாய் எழுந்து நடமாடும். அதனால் நோய் தீர்ந்ததென்று எண்ணலாகாது.

செய்யவேண்டுவன:

1. வாந்தி, பேதி கண்ட தேதிகளைக் குறித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். அவர் பணித்தால், 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லலாம்.

2. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. ஆகையால் இந்நோயில் அதைத் தரலாகாது.

3. கொழுப்பு நீக்கிய இறைச்சியும் குழைந்த சோறும் சிறுகச் சிறுகத் தருக.

4. மருந்து ஆயுள் முழுவதும் தேவை, ஒருநாளும் நிறுத்தலாகாது. ஆடிக் கிருத்திகைக் கூட்டமும் வெடியோசையும் நாயை மிரட்டும்; அக்காலத்து மருந்தளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிக.

இவ்வாறு பேணினால் நாய் பல்லாண்டு காவல் காக்கும். உபயோகமற்றதென்று அதைத் துரத்தாதிருக்கக் கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பார்களாக.