கருங்கல் என்னும் ஒரு சொல்

கிரானைட் என்பதற்கு நேராகக் கருங்கல் என்று எழுதிவிடுவது நம்மிடையே வழக்காகிவிட்டது. கருங்கல், மாக்கல், சுக்கான்கல் என நம் முன்னோர் இட்ட பெயர்கள் கண்ணும் கையும் அறிந்த தன்மை பற்றியவை. மண்ணியலாரோ கல்லின் பிறப்பை வினவுவர்.

கனிமங்கள் சேர்ந்து இறுகியது பாறை. உருகிய குழம்பு ஆறி இறுகினால் அது தீப்பாறை. ஆழத்தில் மெல்ல ஆறிய கிரானைட்டில் படிகங்கள் பருத்துத் தோன்றும். நிலத்தின்மேல் வழிந்து விரைந்து ஆறிய தக்காணத்துப் பசால்ட்டில் அவை கண்ணுக்குப் புலப்படுவது அரிது.

மணலும் வண்டலும் உயிரிகளின் ஓடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகுவது படிவுப்பாறை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் கிடைத்தலால், அங்கே முன்பு கடல் இருந்தமை பெறப்படும். கல்லைக்கொண்டு நிலத்தின் பழமையை உணரும் இம்முறை புதிதன்று. ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி அரபு மொழியில் நூல் செய்த அறிஞர் அல்பிரூனி, மலையருகே பெரிய உருண்டைக் கற்களும், தொலைவில் சிறியனவும், ஆற்று முகத்தில் மணலும் கிடத்தலை நோக்கினார். இந்நிலம் ஒருகாலத்துக் கடலாயிருந்து வண்டலால் தூர்ந்தது என்று உய்த்துணர்ந்தார். கங்கைச் சமவெளி வண்டலால் நிரம்பிய பள்ளம் என்பதை இன்றைய ஆய்வும் ஏற்கிறது. முடிவினும் அவர் நோக்கிய முறையே நம்மை வியக்கவைக்கிறது.

வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், உருகாமலே தன்மை திரிந்தது உருமாறிய பாறை. சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாவது இவ்வாறே.

இனிக் கருங்கல்லுக்கு வருவோம். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கரும்பாறையை எவரும் கருங்கல் என்றே சொல்வர். கல்கத்தாவில் யோப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வினத்தது ஆதலின், தாமஸ் ஹாலந்து 1893-இல் இதற்குச் சார்னோகைட் எனப் பெயரிட்டார். அவர் இதனைத் தீப்பாறை எனக் கொண்டார். பின்வந்தோர் பலர், ஆழத்தின் கடும் வெப்பத்தில் உருமாறியது என்றனர். இருவழியிலும் தோன்றும் என்பாரும் உளர். அறிஞரே ஒரு பிரிவில் அடக்க இடர்ப்படும் இக்கல்லையும் மெருகேற்றி விற்கும் வணிகர் கிரானைட் என்றே விலை சொல்வர்!

உண்மைக் கிரானைட்டோ பெரும்பாலும் வெளிர்நிறமோ செந்நிறமோ உடையது. அதனைக் கருங்கல் என்று மொழிபெயர்த்தால் நிறமும் பிழை, பிறப்பும் பிழை. தக்க கலைச்சொல் அமையும்வரை கிரானைட் என்றே எழுதுவோம். கருங்கல்லைக் கட்டடக் கொத்தர் வழங்கும் பொருளிலேயே விட்டுவைப்போம்.