அந்த டிராகன் எங்கே போனது?

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தொடரின் கடைசி அத்தியாயம் வந்ததிலிருந்து வாசகர்கள் உன்னை வறுத்தெடுக்கிறார்கள், முடிவை மாற்றி எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி அனுப்பியதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். நம்மில் பலர் புகழ்ச்சியை மட்டும்தான் எடுத்து வைப்போம். ஒன்று விடாமல் படித்தேன். முடிவை மாற்றாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நார்த்தாமலை மேலமலைச் சுனைக்குள்ளிருந்து ஒரு டிராகனை எழுப்பி, விஜயாலய சோழீச்சரத்தின் தலைக்கு மேல் பறக்கவிட்டவன் நீ. அந்த அத்தியாயத்தைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். மலையில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இதைவிட நல்ல மதிப்புரை உனக்கு யாரும் எழுதப் போவதில்லை.

இப்போது அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொள். ‘டிராகன் கடைசியில் எங்கே போனது?’, ‘தளபதி மகன் பிழைத்தானா?’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். இது குறை இல்லை தம்பி, ஆசை. கதை முடிந்த பிறகும் ஆட்களை விட மனமில்லாமல் கேட்கிறார்கள். வேறு சிலர், அல்லி தன் தம்பியைக் கொன்ற அரசனை மன்னித்தது நம்பும்படியாக இல்லை என்கிறார்கள். இதுதான் குறை. கோபத்தின் சத்தத்தை வைத்து இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டாய்.

கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வ’னுக்கும் இதே வரவேற்புதான் கிடைத்தது. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை மூன்றரை ஆண்டு, மணியம் படங்களோடு ‘கல்கி’யில் வந்த தொடர். என் அத்தை வாராவாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, பாகம் பாகமாக பைண்டு செய்து வைத்திருந்தார். ஓரத்தில் பாதி நறுக்குண்ட துணுக்கும், தலைவலி மருந்து விளம்பரமும் அப்படியே இருக்கும். கடைசிப் பக்கத்தின் கீழே பென்சிலால் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘அட, முடிஞ்சு போச்சா?’

அத்தையின் கோபத்தில் நியாயம் உண்டு. 985இல் ராஜராஜனாக அரியணை ஏறப்போகிற அருள்மொழியின் பெயரைத் தலைப்பில் வைத்துவிட்டு, அந்த அரியணையில் அவனை உட்கார வைக்காமலே கல்கி கதையை முடித்துவிட்டார். தன் தலைக்கு வந்த முடியை அவன் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான்; அதுதான் உச்சம். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று பெயர் வைத்தவர் வேறு எப்படி முடிப்பார்? அதற்கும் பிறகு, ‘மலர் உதிர்ந்தது’ என்ற கடைசி அத்தியாயத்தில், வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர் விடுகிறாள். தொடர் முழுக்க ஓரமாக நின்ற பெண்ணுக்குக் கடைசி அத்தியாயத்தைக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பார்.

கதை சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி ஓர் அத்தியாயத்தையும் திருத்தவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதினார். குந்தவை வந்தியத்தேவனை மணந்தாளா, இன்னின்னார் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் விடை சொன்னார். கதைக்குள் இடம் இல்லாததைக் கதைக்கு வெளியே மரியாதையாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கொலைக்குப் பழியேற்ற சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. கல்கிக்கு அது தெரியும். ரவிதாசனைக் கதைக்குள்ளேயே நடமாட விட்டிருக்கிறாரே. இருந்தும் கொலை நடந்த கடம்பூர் அறையின் இருட்டை இருட்டாகவே விட்டார். 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் படத்தில் மணிரத்னம் தம் விடையைச் சொன்னதும் வீட்டுக்கு வீடு வழக்கு மறுபடி தொடங்கிவிட்டது. எழுபது வருஷமாக ஒரு கேள்வியை ஜனங்கள் சுமக்கிறார்கள் என்றால் அந்த எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்?

விட்ட இடத்தில் இன்னொருவன் வந்து எழுதுவான் என்பதும் உண்டு. நம் பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலன் ராஜேந்திர சோழனை எடுத்துக்கொண்டு ‘வேங்கையின் மைந்தன்’ எழுதினார். கொடும்பாளூர் இளங்கோவை நாயகனாக்கினார். 1963இல் அதற்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. கல்கியின் வானதி பிறந்த ஊரும் அதே கொடும்பாளூர்தான். அங்கே நீ பார்த்திருப்பாய், பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோவிலில் இன்று நிற்பவை இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். நம் ஊர்க்காரனுக்குக் கதைக்கா பஞ்சம்!

சரி, உன் உண்மையான குறைக்கு வருகிறேன். டிராகன் கதை எழுதுகிறவன் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய். 2019 மே 19 அன்று அது முடிந்தபோது, கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். டிராகன்களை வளர்த்த டெனேரிஸ் ஊரையே எரித்ததுதான் கோபத்துக்குக் காரணம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் எரிக்கக்கூடியவள் என்பதற்கு முதலிலிருந்தே தடயம் இருந்தது. ஆறு சீசன் வரை சீசனுக்குப் பத்து எபிசோடு. ஏழாவதில் ஏழு, எட்டாவதில் ஆறு. தொடருக்கு மூலமான மார்ட்டினின் நாவல்களோ 2011இல் வந்த ஐந்தாவதோடு நின்றுவிட்டன. நாவல் கைவிட்ட இடத்தில் தொடர் ஓட ஆரம்பித்தது. மனம் மாறுவதற்கு வேண்டிய நேரத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. கடைசி எபிசோடைத் திரும்ப எடுத்திருந்தாலும் அது சரியாகியிருக்காது.

அல்லிக்கு நீ செய்ததும் இதேதான். கடைசி அத்தியாயத்தில் தவறே இல்லை. குளத்தூர் முற்றுகையில் டிராகனை நெருப்புக் கக்க வைத்து வாரக்கணக்கில் ஓட்டினாய். நெருப்பு எழுதுவது சுகம், கை தானாக ஓடும், தெரியும். அந்த வாரங்களில் அல்லி எங்கே இருந்தாள், யாரோடு பேசினாள்? ஒரு வரி இல்லை. தம்பியைக் கொன்றவனை அவள் மன்னிக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் அவனோடு ஒரு ராத்திரியாவது ஒரே கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும். வாசகனுக்கு வலித்த இடம் கடைசிப் பக்கம். அடிபட்ட இடம் அது இல்லை.

திருக்கோகர்ணம் ஞானாலயாவுக்கு ஒரு நாள் போ. பழைய இதழ்களும் முதற்பதிப்புகளும் பார்க்கலாம். தொடராக வந்ததற்கும் புத்தகமானதற்கும் நடுவே மூத்தவர்கள் எங்கே கை வைத்தார்கள், எங்கே வைக்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்.

உன் கதை நூலாகும்போது முற்றுகையில் பாதியை வெட்டு. அந்த இடத்தில் அல்லிக்கு மூன்று அத்தியாயம் கொடு. தளபதி மகனைப் பற்றி முடிவுரையில் இரண்டு வரி எழுது. டிராகன் போன இடத்தை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதே, எனக்கும் சேர்த்துத்தான். அச்சுக்குக் கொடுக்கும் முன் கைப்பிரதியைத் தபாலில் அனுப்பு. போனில் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை.

அன்புடன்,
அண்ணன்