முகம் மாறும் சிவப்பணு

நுழையும்முன்
கோட்டைக்குள் புகுந்த பகைவன் அதன் மதிலையே தனக்கேற்பத் திருத்திக்கொண்டால் என்ன நேரும்? மலேரியா ஒட்டுண்ணி மனித உடலில் செய்வது அதுவே. அது சிவப்பணுவின் புறப்பரப்பை மாற்றியமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

1880ஆம் ஆண்டு, அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவெரான், நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியை முதன்முதலில் கண்டார். மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணிகளுள் மிகக் கொடியது பிளாஸ்மோடியம் பால்சிபேரம். கல்லீரலில் பெருகி வெளிவரும் இது, சிவப்பணுவுக்குள் நுழைந்து ஏறத்தாழ 48 மணிநேரம் வளர்கிறது.

மறைவிடமும் இடரும்
முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. உள்ளே பகை புகுந்ததை நோய்த்தடுப்பு அணுக்களுக்கு உணர்த்தும் ஆற்றலும் அதற்குக் குறைவு. எனவே, அது ஒட்டுண்ணிக்கு நல்ல மறைவிடமாகிறது. ஆயினும் ஓர் இடர் உண்டு. ஒட்டுண்ணி வளர வளரச் சிவப்பணு நெகிழ்வை இழந்து விறைக்கிறது. விறைத்த அணுக்களை வடிகட்டி அழிப்பது மண்ணீரலின் பணி. அங்குச் சென்றால் ஒட்டுண்ணிக்கு அழிவே.

குமிழ்களும் ஒட்டும் புரதமும்
இவ்விடரிலிருந்து தப்ப, ஒட்டுண்ணி தான் ஆக்கிய புரதங்களைச் சிவப்பணுவின் படலத்திற்கு அனுப்புகிறது. அவற்றுள் ஒன்று படலத்தின் அடியில் திரண்டு நுண்ணிய குமிழ்களை உருவாக்குகிறது. அக்குமிழ்களின்மீது பிஎஃப்இஎம்பி-1 என்னும் புரதம் வெளியே நீண்டு நின்று, நுண்குருதி நாளங்களின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. இதனால் சிவப்பணு மண்ணீரலுக்குச் செல்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

ஒட்டுண்ணிக்குக் காப்பாகும் இச்செயல் நோயாளிக்குக் கேடாகிறது. மூளையின் நுண்நாளங்களில் இவ்வணுக்கள் தேங்கினால் உயிருக்கே ஊறு நேரலாம். மேலும், முதிர்ந்த ஒட்டுண்ணிகள் நாளச்சுவர்களில் ஒட்டியிருப்பதால், விரல்நுனியில் எடுக்கும் குருதியில் பெரும்பாலும் இளையவையே தென்படும். ஆகவே, சோதனையில் ஒட்டுண்ணிகள் சிலவே தெரிந்தாலும் நோயை எளிதென எண்ணலாகாது.

மாறும் முகம்
வெளியே நிற்கும் புரதத்தை நம் உடல் அடையாளங்கண்டு எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. ஆனால், ஒட்டுண்ணியிடம் இப்புரதத்திற்கென ஏறத்தாழ 60 மரபணுக்கள் உள்ளன. ஒரு நேரத்தில் பொதுவாக ஒன்றே செயற்படும். எதிர்ப்பொருள் பழைய முகத்தைத் தேடும்போது, சில ஒட்டுண்ணிகள் வேறு மரபணுவுக்கு மாறிப் புதுமுகத்துடன் பெருகுகின்றன. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் குழந்தைகள் பலமுறை நோயுற்ற பின்னரே ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பகைவன் மாற்றிக்கொள்ளும் முகங்களை அறிவதே அவனை வெல்லும் வழியின் தொடக்கம்.

தெரியுமா?
அரிவாளணு மரபணுவைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களைக் கடும் மலேரியா தாக்குவது குறைவு. அவர்தம் சிவப்பணுக்களில் ஒட்டும் புரதம் குறைவாகவே வெளிப்படுகிறது.

கற்பவை கற்றபின்
1. சிவப்பணு மண்ணீரலைச் சென்றடையாமல் ஒட்டுண்ணி எவ்வாறு தடுக்கிறது? விளக்குக.
2. ‘ஒட்டுண்ணியின் காப்பே நோயாளியின் கேடு’ – இக்கூற்றை நிறுவுக.